துரை பங்களாவில் உளுந்தஞ்சோறு

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் எங்கள் அண்ணனுக்கு அது வெளிநாடு. நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. பள்ளிக்கூடத்தில் நானே பிள்ளைகளுக்குப் புது எல்லைக்கோடு போட்டுப் படம் வரைந்து காட்டுகிறேன். ஆனாலும் கணவாய்க்கு அப்பால் இருப்பதெல்லாம் அவருக்குப் 'பாண்டி'தான். பாண்டியில் புழுதி இருக்கும், வெயில் இருக்கும், தண்ணீர் மட்டும் இருக்காது. இதை அவர் போய்ப் பார்த்துச் சொல்லவில்லை. போகாமலே தெரிந்து வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் திண்டுக்கல்லுக்குப் புறப்பட வேண்டி வந்தது மகள் பகவதிக்காக. நாகர்கோயில் கல்லூரியில் வாத்தியாராக இருக்கும் கணேசன் என்ற பையனுக்கு அவளைக் கேட்டு ஆள் வந்திருந்தது. பையனின் சொந்த ஊர் திண்டுக்கல். ஒருமுறை எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் வந்து பேசியிருக்கிறான். பேச்சு சுமார்தான், ஒரு வரிகூட என் நினைவில் இல்லை. காது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு பக்கமும் முறத்தைக் கட்டித் தொங்கவிட்டது போல அப்படி ஒரு காது. அன்றைக்குக் கடவுள் வாழ்த்துப் பாடியவள் பகவதி. மற்றதை அந்தக் காது கவனித்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

ஜாதகம் பொருந்திவிட்டது. அண்ணன்தான் பொருந்தவில்லை. இதற்கு முன் வந்த இடங்களை அவர் கழித்துக் கட்டிய விதம் ஊருக்கே தெரியும். ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பனார் சத்தமாகச் சிரித்தார் என்று வேண்டாம் என்றார். இன்னொரு வீட்டில் முற்றம் சரிவாக இருந்ததாம். மற்றொரு வீட்டில் என்ன குறை என்று இன்று வரை சொல்லவில்லை, மூக்கை மட்டும் சுளிக்கிறார்.

புறப்படுவதற்கு முன் பகவதி கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, இந்த இடமும் இல்லேன்னு ஆச்சுன்னா, இனி யாரும் வந்து என்னைப் பாக்க வேண்டாம். சொல்லிட்டேன்" என்றாள். சாதாரணமாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். கையிலிருந்த வாளிக் கயிற்றை மட்டும் விடவே இல்லை.

அண்ணனோ ஊர் கேட்கப் பிரகடனம் செய்திருந்தார்: "போய்ப் பாக்கேன். பாக்காம இருந்தா மரியாதை இல்ல. ஆனா கை நனைக்க மாட்டேன்." சம்பந்தம் பேசப் போன வீட்டில் பேச்சு முடிவதற்குள் ஒரு வாய் சாப்பிட்டால் பெண் கொடுக்கச் சம்மதம் என்று ஆகிவிடும். அதனால் கை நனைக்காமல், அதாவது சாப்பிடாமல், எழுந்து வருவது வேண்டாம் என்று சொல்லாமல் சொல்லும் மரியாதை. இந்த மரியாதையில் அண்ணன் கைதேர்ந்தவர்.

மதினிக்குப் பஸ் என்ற சொல்லைக் கேட்டாலே வாந்தி வரும். ஆகவே அண்ணனுக்குத் துணையாக நான். பகவதிதான் கட்டுச்சோறு கட்டினாள். புளிச்சோறும் துவையலும், அதுவும் ஒரு வேளைக்கு மட்டும்.

"மறுநா காலைக்கு?" என்று கேட்டேன்.

"கெட்டுப் போகும் அத்தை. அங்க மலைக்கோட்டைக்குக் கீழ துரை பங்களான்னு ஒரு ஓட்டல் இருக்காம். கூடப் படிச்ச பிள்ளை சொன்னா. அப்பாவைக் காலையில அங்க கூட்டிட்டுப் போங்க. நல்லா இருக்குமாம்."

அண்ணன் தன் பங்குக்கு ஒரு பெரிய பித்தளைக் கூஜா நிறைய, சீரகம் போட்டுக் காய்ச்சிய வீட்டுத் தண்ணீரை எடுத்துக்கொண்டார். பாண்டித் தண்ணீர் நாக்கில் படாமல் போய்த் திரும்புவதாகத் திட்டம்.

திட்டம் சாத்தூர் தாண்டியதும் முடிந்துவிட்டது. கண்ணுக்கெட்டிய வரை கரிசல் காடு, ஒரு மரம் இல்லை. நடுவில் பஸ் புஸ்ஸென்று ஆவியை விட்டு நின்றுகொண்டது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே தலையை நீட்டி, "யாராச்சும் தண்ணி வச்சிருக்கீகளா?" என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அண்ணனின் மடியைப் பார்த்தார்கள். அவர் கூஜாவை அணைத்துக்கொண்டிருந்த தோரணையில் அது வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

"இது குடிக்க வச்சிருக்க தண்ணி" என்றார் அண்ணன்.

"அதுக்கும் குடிக்கத்தாண்ணே கேக்குது" என்றார் டிரைவர்.

கூஜா கைமாறியது. சீரகத் தண்ணீர் முழுவதும் எஞ்சினுக்குள் போயிற்று. அதற்குப் பிறகு பஸ் ஓடியதே ஓட்டம், வாயுத் தொல்லை தீர்ந்த மாதிரி. "பாத்தியா சரசு, நம்ம ஊருத் தண்ணியாக்கும்!" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். காலிக் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு மதுரை வரை அதே பெருமையில் வந்தார்.

திண்டுக்கல்லில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் எதிரே வந்தது புகையிலை வாடை. அதைத் தாண்டினால் தோல் பதனிடும் இடத்திலிருந்து வேறொரு வாடை. இரண்டுக்கும் நடுவே எங்கிருந்தோ மல்லிகைப் பூ வாசனை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மொட்டைப் பாறை கோட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. ஜட்கா குதிரை வழியில் ஒரு மேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டது. எங்களை இறங்கச் சொன்னார் வண்டிக்காரர். நாங்கள் மேடு முழுவதும் நடந்து ஏறினோம். குதிரை எங்களுக்குப் பின்னால் காலி வண்டியோடு சாவகாசமாக வந்தது.

தங்கிய விடுதியில் இரண்டு பேருக்குமாக ஒரு வாளித் தண்ணீர் கொடுத்தார்கள், அதுவும் முக்கால் வாளி. "இன்னிக்குக் குழாய்ல வரலைண்ணே. இம்புட்டுத்தான் இருக்கு, பாத்துப் புழங்கிக்கிருங்க" என்றார் விடுதிக்காரர். பழையாற்றில் மூன்று முங்கு போடாமல் ஒரு நாளும் சாப்பிட உட்காராத எங்கள் அண்ணன், துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்ததும் துண்டைப் பிழிந்து பார்த்தார். "இந்த ஊருக்கா எம்மவளைத் தருவேன்? நல்லநாள் பெரியநாளுக்கு இங்கதானே வந்து நிக்கணும்? இடுப்புல குடத்த வச்சுக்கிட்டுத் தெருத்தெருவா அலையவா?" என்று கேட்டார். முன்பு கழித்துக் கட்டிய இடங்களுக்கு அவர் சொன்ன காரணங்களையெல்லாம் நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. இதை மட்டும் அப்படித் தள்ள முடியவில்லை.

மறுநாள் காலை. பையன் வீட்டுக்கு முற்பகலில் வருவதாகச் சொல்லியிருந்தோம். அது வரை எப்படித் தள்ளுவது? அண்ணனுக்குப் பசி வந்தால் முதலில் கண் சிவக்கும். அடுத்து இருக்கிற ஊரைக் குறை சொல்வார். அதற்கும் சோறு வரவில்லை என்றால் அரசாங்கத்தைக் குறை சொல்வார். அவர் மந்திரிகளைத் தொடுவதற்குள் நான் அவரைத் துரை பங்களாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

கட்டடம் என்றால் அதுதான் கட்டடம். கும்பினிக்காரன் காலத்தில் யாரோ ஒரு ராணுவத் துரைக்குக் கட்டியதாம். பின்னால் புகையிலைத் துரைகள் ஒருவர் பின் ஒருவராக இருந்திருக்கிறார்கள். கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும்படி தூண்கள், யானை நுழையும் வாசல், வாசலுக்கு ஏற அகலமான கல் படிகள். கடைசித் துரை கப்பலேறியபோது சாமான்களையெல்லாம் ஏலத்தில் எடுத்து, அவற்றை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்து, நடுவில் இட்லிக் கடை போட்டிருக்கிறார் இன்றைய முதலாளி.

உள்ளே போனால் சுவரில் ஒரு காட்டெருமைத் தலை. சிறுமலையில் சுட்டதாம். நாம் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் அது நம் தட்டைத்தான் பார்க்கிறது. மேலே துணி விசிறி, ஆனால் இழுக்கிற ஆள் கிடையாது. ஒரு மூலையில் பியானோ, அதன் மேல் சுண்டல் தட்டுகள். இன்னொரு மூலையில் துரை குளித்த பீங்கான் தொட்டி, அதில் சிறுமலை வாழைப்பழத் தார்கள் பழுக்கப் போட்டிருந்தார்கள். "தொட்டியில தண்ணி இல்லாட்டாலும் பழமாவது இருக்கே" என்றார் அண்ணன்.

பரிமாறுகிறவர் பெயர் அந்தோணி. தலையில் விசிறி மடிப்புத் தலைப்பாகை, இடுப்பில் சிவப்புப் பட்டை, வெறுங்கால். எங்களைப் பார்த்ததும் குனிந்து, "குட் மார்னிங் சார். குட் மார்னிங் மேடம். துரை செட்டா, நம்ம செட்டா?" என்றார். துரை செட் என்றால் ரொட்டி, வெண்ணெய், ஆம்லெட். நம்ம செட் என்றால் இட்லி, வடை. எதைக் கேட்டாலும் பூப்போட்ட பீங்கான் தட்டில்தான் வரும், பக்கத்தில் கத்தியும் முள் கரண்டியும் இருக்கும். இலை கிடையாது. அண்ணன் ஆம்லெட் என்ற சொல்லுக்கே காதைப் பொத்திக்கொண்டார்.

"துரை செட்டை யாராவது கேக்காங்களா?" என்று அந்தோணியிடம் விசாரித்தேன்.

"இதுவரைக்கும் இல்லம்மா. ஆனா கேக்காம இருக்கக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு" என்றார்.

இட்லியை அண்ணன் முள் கரண்டியால் சமாளித்துவிட்டார். வடைதான் கொஞ்சம் அழுத்தக்காரி. அண்ணன் ஒரு கையால் முள்ளை ஊன்றி மறு கையால் கத்தியை வைத்து அழுத்தவும், வடை தட்டிலிருந்து கிளம்பி அடுத்த மேஜையில் இருந்தவரின் காபி டம்ளருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரி அவர், லாரிக்குக் காத்திருந்தாராம். வடையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது உங்களுதுங்களா? இல்லீங்க, நானும் போன வாரம் இப்படித்தானுங்க, ஒண்ணை அந்த எருமைக்கு வச்சுட்டனுங்க" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். காட்டெருமையின் கொம்பருகே சுவரில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை இருந்தது.

அதற்குள் முதலாளியே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, அதன் மேல் துரை விட்டுப்போன கறுப்புக் கோட்டு. காதையும் மூடிச் சால்வையைத் தலைப்பாகையாகச் சுற்றியிருந்தார்.

"சேரு வசதியா இருக்காண்ணே? எங்கய்யா அந்தா அந்தப் படிக்குக் கீழ செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னவரு. வெயில்ல செத்த நேரமா நிக்க விடுவாங்க? உச்சி சாயுற வரைக்கும் நிக்கணும். மேல ஏறினதே இல்ல. அதான் இதை வாங்குனேன். இப்ப இந்தச் சேர்ல யாரு வேணும்னாலும் உக்காரலாம். தொப்பி வச்சவன் மட்டும் கழட்டிட்டு வரணும்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அண்ணன் தன்னையறியாமல் சேரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கும் அந்தச் சேர் அதற்குப் பிறகு கூடுதல் சுகமாக இருந்தது.

"எந்த ஊருண்ணே?" என்று கேட்டார் முதலாளி.

மாப்பிள்ளையைப் பற்றித் துப்பு விசாரிக்க வேண்டும் என்பதால் நாகர்கோயில் என்று மூச்சுவிடக் கூடாது என்று அண்ணன் எனக்கு முன்பே கட்டளை போட்டிருந்தார். "திருநவேலி" என்றார்.

"அப்படியா. பேச்சு இன்னும் கொஞ்சம் தெக்கால போகுதே" என்றார் முதலாளி.

அண்ணன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தி, "இந்த ஊர்ல கணேசன்னு ஒரு பையன். எங்கயோ காலேஜ்ல வாத்தியாரா இருக்கானாம். குடும்பம் எப்படி?" என்று கேட்டார்.

முதலாளி மோவாயைத் தடவினார். "கணேசனா? தெரியும். பையன் தங்கம். தகப்பனாரு சாது, சித்தையன்கோட்டைப் பக்கம் வயலு இருக்கு. தாயி வீட்டுக்குப் போனா சாப்பிடாம யாரும் திரும்ப முடியாது. அம்புட்டுப் பேரும் நல்லவங்கதான். என்ன, அந்தத் தாய்மாமன் ஒருத்தன் இருக்கான் பாருங்க, அவன்தான் கொஞ்சம் கிறுக்கன்."

"கிறுக்குன்னா?" அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குறை ஒன்று கிடைத்த ஆனந்தம்.

"பழைய சாமானா வாங்கிக் குவிக்கிற கிறுக்குண்ணே."

"அட பாவமே" என்றார் அண்ணன், துரையின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, துரையின் தட்டுக்கு முன்னால், துரையின் எருமைக்குக் கீழே.

எனக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து முதலாளி வியர்வையைத் துடைக்கத் தலைப்பாகையை அவிழ்த்தார். இரண்டு பக்கமும் இரண்டு முறங்கள். நான் காபியை விழுங்க மறந்து வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். சொல்லலாமா என்று அண்ணனைப் பார்த்தேன். அதற்குள் முதலாளி அடுத்ததை ஆரம்பித்துவிட்டார்.

"வடை சரிப்படலையாண்ணே? இன்னிக்கு எங்க அக்கா வீட்டுல ஒரு புதுச் சோறு ஆக்கியிருக்காக. உளுந்தும் அரிசியும் போட்டு. அங்கிருந்து எனக்குத் தூக்குச்சட்டியில வந்துச்சு. திருநெல்வேலிக்காரங்களுக்குப் பிடிக்கும்னு சொல்லுவாங்க. வேணும்னா கொஞ்சம் வைக்கச் சொல்றேன்."

"உளுந்தஞ்சோறா!" என்றார் அண்ணன். அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டு வெகு காலம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது உளுந்தஞ்சோறு இல்லை என்றால் அவருக்கு வாரமே விடிந்ததாக அர்த்தமில்லை.

எனக்குக் கணக்கு நொடியில் விளங்கிவிட்டது. இவர் கணேசனின் தாய்மாமன். இவருடைய அக்கா என்றால் கணேசனின் தாய். அந்தச் சோறு வந்திருப்பது மாப்பிள்ளை வீட்டு அடுப்பிலிருந்து. அண்ணன் ஒரு வாய் வைத்தால் கை நனைத்தாகிவிட்டது. பாவம், முதலாளிக்கு நாங்கள் யாரென்று தெரியாது, அண்ணனுக்கு அவர் யாரென்று தெரியாது, இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எண்ணிக்கொண்டேன்.

அண்ணன் கத்தியையும் முள்ளையும் தள்ளி வைத்தார். "இதக் கையாலதான் சாப்பிடணும். கை கழுவத் தண்ணி கொண்டா" என்றார். அந்தோணி ஒரு சின்ன டம்ளரில் கொண்டுவந்தார். "இதுல எந்த விரலக் கழுவ?" என்றார் அண்ணன். இன்னொரு டம்ளர் வந்தது. அதுவும் போதவில்லை. கடைசியில் முதலாளி ஆளனுப்பி ஒரு செம்பு வரவழைத்தார். நாஞ்சில் நாட்டு வழக்கப்படி முழங்கை வரை கழுவி, மீதியை வாசல் படியில் கொட்டினார்.

தட்டு வந்தது. கறுப்புத் தொலி உளுந்து, உரித்த முழுப் பூண்டு, வெந்தயம், மேலே தேங்காய்த் துருவல், பக்கத்தில் எள்ளுத் துவையல். ஆவியோடு தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. பாண்டி நாட்டில் சோற்றில் தேங்காயெண்ணெயா என்று ஒரு கணம் ஆச்சரியப்பட்டேன். ஆனால் அப்போது என் கவலையெல்லாம் அண்ணனின் கை மேல் இருந்தது. அது பிசைந்தது. உருட்டியது. வாய்க்குப் போகிற வழியில் ஒரு கணம் நின்றது, சூடு ஆறட்டும் என்று.

"அண்ணா" என்றேன்.

"என்னட்டி?"

கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கைதான் கண் முன் வந்தது. "துவையலையும் தொட்டுக்கிடுங்க" என்றேன்.

தொட்டுக்கொண்டார். முதல் உருண்டை போயிற்று. தட்டு காலியாயிற்று. இரண்டாவது முறை அவரே தட்டை நீட்டினார். மூன்றாவது முறை "போதும்" என்றபடியே தட்டை நீட்டினார். ஒட்டன்சத்திரத்து வியாபாரி லாரியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பருக்கையையும் வழித்துவிட்டு, எங்கள் அண்ணன் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இதச் சமைச்ச கைக்கு ஒரு கும்பிடு போடணும் ஐயா. பாண்டியில இப்படி ஒரு கையா!"

"சொல்லிருறேண்ணே" என்றார் முதலாளி மிகவும் அடக்கமாக.

மாப்பிள்ளை வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். போகும் வழியெல்லாம் அண்ணன் ஏப்பமும் எச்சரிக்கையுமாக வந்தார். "கேட்டியா சரசு, அங்க பலகாரத்த நீட்டுவாவ. நீயும் தொடப்பிடாது. நான் கனைச்சா எந்திச்சிரணும்." நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் கணேசனின் தகப்பனார் வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். சத்தமாகச் சிரிக்கவில்லை. முற்றம் சரிவாக இல்லை, மட்டம் பார்த்துக் கட்டியது போல இருந்தது. அண்ணன் ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு உட்கார்ந்தார். கணேசன் நாகர்கோயிலில்தான் இருந்தான், வரவில்லை. அவன் தாய் தட்டுகளை எடுத்து வருவதைக் கண்டதும் அண்ணன் கையை உயர்த்தினார். "ஒண்ணும் வேண்டாம். நாங்க சாப்பிட்டாச்சு. பேச்சு முடியதுக்கு முன்னால கை நனைக்கது எங்க வழக்கம் இல்ல."

"அதான் சாப்பிட்டாச்சே" என்ற குரல் உள்ளேயிருந்து வந்தது. பின்னாலேயே கறுப்புக் கோட்டு வந்தது. பின்வாசல் வழியாக எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கிறார்.

அண்ணன் அவரைப் பார்த்தார். அவர் காதையும் அக்காவின் காதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"வாங்க, திருநெல்வேலி அண்ணே" என்றார் தாய்மாமன். "கிறுக்கன் நான்தான்."

அண்ணன் லேசில் விடுகிற ஆள் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடையில சாப்பிட்டது கணக்குல வராது" என்றார்.

"இட்லியும் வடையும் கணக்குல வராதுண்ணே, ஒத்துக்கிறேன். உளுந்தஞ்சோறு எங்க கடையில கிடையாது. வேணும்னா அந்தோணியக் கூப்பிட்டுக் கேளுங்க. அது இந்த அடுப்புல வெந்தது. சமைச்ச கை இந்தா நிக்குது. கும்பிடு போடணும்னீங்க."

கணேசனின் தாய் வெட்கப்பட்டுக்கொண்டு தட்டோடு நின்றார். எனக்கு அந்த நிமிஷம் சிரிப்பு போய்விட்டது. அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இப்போது எழுந்து கனைத்தாரானால் எல்லாம் முடிந்தது. சிரித்துச் செய்ததெல்லாம் அவமானமாக மாறிவிடும். பகவதியிடம் போய் நான் என்ன சொல்வேன்?

கணேசனின் தகப்பனார்தான் பேசினார். "மச்சான், விளையாட்டு போதும். அண்ணே, ஒரு தட்டுச் சோத்துக்காக யாரும் பொண்ணு தர வேணாம். பசிச்சுச்சு, சாப்பிட்டீங்க. மனசு இல்லேன்னா கூச்சப்படாமச் சொல்லுங்க. நாங்க வருத்தப்பட மாட்டோம்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார், "இங்க தண்ணி எப்படி?"

கேள்வி தாய்க்குத்தான் போயிற்று. அவர் தட்டைக் கீழே வைத்தார். "உள்ளதச் சொல்லிருறேண்ணே. எங்க கிணத்துல உப்பு. நல்ல தண்ணிக்கு மூணு தெரு போகணும். விடியுமுன்ன போனா ரெண்டு குடம் கிடைக்கும். காலையில தம்பி ஆளனுப்பிச்சு, கை கழுவ ஒரு செம்பு கேட்டான், குடுத்தேன். அதுக்குக்கூட நல்ல தண்ணிதான் குடுத்தேன், உப்புத் தண்ணி குடுக்கலை." கொஞ்சம் நிறுத்தி, "உங்க பொண்ணு இங்க வந்து நின்னாலும் குடம் எடுக்கிறது நான்தான். அது இடுப்புல ஒரு நாளும் குடம் ஏறாது. அதை மட்டும் என்னால சொல்ல முடியும்" என்றார்.

அண்ணன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கை வரை கழுவிவிட்டு, மீதியைப் படியில் கொட்டிய கை. இந்த அம்மாள் விடியுமுன் எழுந்து மூன்று தெரு நடந்து சுமந்து வந்த தண்ணீர். அண்ணனின் முகம் சுண்டிவிட்டது. எனக்கும் வெட்கமாக இருந்தது, கொட்டும்போது நானும் பக்கத்தில்தானே இருந்தேன்.

பிறகு எங்கள் அண்ணன் எழுந்தார். கனைக்கப் போகிறார் என்று நானும் பாதி எழுந்துவிட்டேன். அவர் கனைக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பி அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். தாய்மாமன் பக்கம் திரும்பி, தொடுகறிக்குத் தன் வாழ்நாளில் சொல்லியே இராத பாண்டிச் சொல்லை எடுத்துக் கேட்டார்:

"மத்தியானத்துக்கு என்ன வெஞ்சனம்?"

மத்தியானம் சாப்பிட்டோம். கை கழுவ அண்ணன் அரை டம்ளருக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். தாய்மாமன் எங்களை மறுபடியும் பங்களாவுக்கு இழுத்துப்போய், தொட்டியிலிருந்து ஒரு சீப்பு சிறுமலைப் பழமும் துரை விட்டுப்போன ஒரு தொப்பியும் சம்பந்தி மரியாதையாகக் கொடுத்தார். காலிக் கூஜாவில் கணேசனின் தாய் நல்ல தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். திரும்பும்போது டிரைவர் கேட்டிருந்தாலும் அண்ணன் கொடுத்திருக்க மாட்டார். நல்லவேளை, பஸ் வழியில் எங்கும் நிற்கவில்லை.

வீட்டு வாசலில் பகவதி நின்றாள். அண்ணன் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நேராகக் கிணற்றடிக்குப் போய்விட்டார். எதையும் உடனே சொல்லிவிடும் வழக்கம் அவருக்கு இல்லை. அவள் என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, அப்பா சாப்பிட்டாவளா?"

"மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு" என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. அந்தத் தடுமாற்றத்தில், "தேங்காயெண்ணெய் ஊத்தினாவளா அத்தை? தலைக்குத் தேய்க்கதைப் போயிச் சோத்துல ஊத்தவான்னு அவ்வோ அம்மை ரொம்ப மலைச்சாவளாம்" என்று சொல்லி, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு வேளைக்கு மட்டும் கட்டிய கட்டுச்சோறு. கூடப் படித்த பிள்ளை சொன்ன ஓட்டல். பாண்டி நாட்டுத் தட்டில் தேங்காயெண்ணெய் வாசனை. அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகளின் முழியைப் பார்த்தே திருட்டைக் கண்டுபிடிக்கிற தலைமையாசிரியை நான். இவள் கணேசன் வழியாகத் திண்டுக்கல் அடுப்பு வரை பக்குவம் சொல்லி அனுப்பியதை மட்டும் கோட்டைவிட்டிருக்கிறேன்.

கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே அண்ணனின் குரல் வந்தது.

"ஏட்டி பகவதி! நீயும் வைக்கியே உளுந்தஞ்சோறுன்னு! அவ்வோ வச்சதுல கால்வாசி வருமா? கல்யாணம் ஆனதும் மாமியாகிட்டப் போய் ஒழுங்காப் படிச்சுக்கோ!"

பகவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிப்பா" என்றாள்.